சுபஸ்ரீயின் லேப்டாப்பில் மேல் வரிசைப் பட்டன்களை நான் மீட்ட விவரம்

தியாகதுருகம்,
தை மாதம், 2021.

அன்புள்ள மைத்துனன் தீனதயாளனுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் வேடியப்பன் மிகுந்த பிரியத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காள் பாப்பாத்தியும் மகள் சுபஸ்ரீயும் கறவை மாடுகளும் சௌக்கியம். கரும்பும் சௌக்கியம்தான், வெட்டத்தான் இன்னும் ஆள் வரவில்லை. சென்னையில் நீயும் தங்கச்சி தேவிப்ரியாவும் பிள்ளைகளும் முகத்துணியோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. போனில் நான் வாயைத் திறந்தால், "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

விஷயம் இதுதான். நீ சுபஸ்ரீக்குக் கொடுத்த லேப்டாப்பில் மேல் வரிசைப் பட்டன்கள் ஒன்றுகூட வேலை செய்யாமல் போனது உனக்குத் தெரியும். "கீபோர்டையே மாத்தணும் மாமா, நீங்க கை மட்டும் வெக்காதீங்க" என்று நீ சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. கை வைத்தேன். சரி செய்துவிட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற நீ கைவிட்டதை, கரும்புக் கொல்லையில் மோட்டார் போடுகிற நான் மீட்டேன். இதை உன் கம்பெனியில் நாலு பேர் காதில் போட்டு வை.

எப்படிக் கெட்டது என்று கேட்பாய். கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு சுபஸ்ரீயைக் கூப்பிட்டிருந்தார்கள். கொரோனாவில் அவள் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடம் மூடிப் போனதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, கண்ணாடிகூடப் பார்ப்பதில்லை. பெற்றவனுக்கு அது வயிற்றில் நெருப்பு. இட ஒதுக்கீட்டுக்காக ஊருக்கு ஊர் மறியல் நடப்பதால் மலைக்குப் பஸ் இல்லை, அதனால் வீடியோவிலேயே பேசிக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல காரியம் ஆயிற்றே, பம்புசெட்டு மோட்டாருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வைக்கிற மாதிரி லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நடுவில் ஒரு பொட்டோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் மேல் வரிசைப் பட்டன்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கும்போது ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விட என் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் வைத்தேன், சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்து வைத்தேன். என் மோட்டார் இத்தனை வருஷமாக அதைத் தாங்குகிறது. சந்தனம் தாங்காத மிஷினைச் செய்தவன் தப்பா, வைத்தவன் தப்பா, நீயே சொல்.

மறுநாள் சந்தனம் காய்ந்து பட்டன்கள் உள்ளேயே ஒட்டிக்கொண்டன. வெளிச்சம் குறைக்கிற பட்டன் அமுங்கி நின்றுவிட்டதில் திரை அமாவாசை ஆயிற்று. சுபஸ்ரீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, போன்ல பேசுனா நடுவுல கட் ஆவும்ப்பா. இது போனா எனக்கு வேற வேலையே கெடைக்காது" என்றாள். உன் அக்காள் என்னைப் பார்த்து, "மோட்டாருக்கு வெக்கறது பத்தாதுன்னு இதுக்கும் பொட்டு வெச்சியா?" என்று ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. நான் வாசலில் கை கழுவ வைத்திருந்த சானிடைசரைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பட்டனாகச் சுற்றித் துடைத்தேன். சந்தனம் கரைந்து வந்தது, பட்டன்கள் எழுந்து நின்றன. ஆனால் பார், சத்தத்துக்கு உள்ள பட்டனை அமுக்கினால் சத்தம் வராமல் ஏதோ இங்கிலீஷ் பக்கம் வருகிறது, வெளிச்சத்துக்கு உள்ளதை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு மொபெட்டில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். ஊருக்கு வெளியிலேயே மறியல். அதில் நடுரோட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கோஷம் போடுகிறவன் யார் என்று பார்த்தால், நான் தேடிப் போன லேப்டாப் கடைச் சின்னதுரை! கூட்டத்துக்குள் புகுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா மாமா, ஜனங்க ரோட்ல குந்திகினு இருக்குது, நீங்க பொட்டிய தூக்கிகினு வந்துட்டீங்க?" என்றான்.

"நானும் கோரிக்கையோடதான்டா வந்திருக்கேன். பொண்ணுக்கு வேலை. மேல் வரிசை பட்டன் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். பார்த்தவன் கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டான். "கீழ எஃப்என் பட்டன், மேல எஸ்கேப் பட்டன், ரெண்டையும் ஒண்ணா அமுக்கு!" என்றான். மொத்தக் கூட்டமும் கையை உயர்த்தி, "ரெண்டையும் ஒண்ணா அமுக்கு!" என்று முழங்கியது. கோஷங்களைக் குறித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் இதையும் எழுதிக்கொண்டார். நான் அமுக்கினேன். சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது, வெளிச்சப் பட்டனைத் தட்டியதும் திரையில் பளிச்சென்று வெளிச்சம் ஏறியது. இத்தனை ஜனங்கள் சேர்ந்து குரல் கொடுத்து ஒரு பட்டன் வேலை செய்தது இந்த ஜில்லாவில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் பேட்டி. சுபஸ்ரீ, "அப்பா, நீங்க கொஞ்சம் கொல்லைப் பக்கம் போய்ட்டு வாங்களேன்" என்றாள். பட்டனுக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். கேமராவில் தெரியாமல் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, ஸ்பீக்கர் படத்தின் மேல் கோடு போட்டிருக்கும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டேன். அதை அமுக்கினால் நாம் பேசுவது அந்தப் பக்கம் போகாது, பிள்ளைக்கு வேண்டிய யோசனையை நாம் தாராளமாகச் சொல்லலாம். எப்படி என் மூளை!

தலைமையாசிரியை அம்மா, கணக்கே வராது என்று சொல்கிற பையனை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அமுக்கினேன். "முதுவுல ரெண்டு வெப்பேன்னு சொல்லு. அந்தம்மாவும் வாங்கித்தான் படிச்சிருக்கும்" என்றேன். சுபஸ்ரீ என் விரலைத் தட்டிவிட்டுப் பட்டனைத் திரும்ப அமுக்கி, எந்த இடத்தில் பயப்படுகிறான் என்று அவனையே காட்டச் சொல்வேன் என்று அவளாக ஏதோ சொன்னாள். பெரிய மீசை வைத்த நிர்வாகி, மலையில் பனி, செல்போன் சிக்னல் கிடையாது, தங்குவீர்களா என்றார். மறுபடி அமுக்கினேன். "இந்த மீசையப் பாத்தா கோழி திருடறவன் மாதிரி கீது. வாரா வாரம் வூட்டுக்கு வந்துடுவேன்னு சொல்லு" என்றேன். பிள்ளைக்குக் கூச்சம், முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நிதானமாக, தங்குவேன் சார் என்றாள். அங்கே இருந்தவர்கள் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தார்கள். அவ்வளவு பிடித்துவிட்டது அவர்களுக்கு! முடியும்வரை வெளிச்சம் குறையவில்லை, ஒரு பட்டன் மக்கர் செய்யவில்லை. ஏனோ சுபஸ்ரீ மட்டும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நூறு வயசு வாழ வேண்டும், மேல் வரிசைப் பட்டனைக் கண்டு பயப்படாமல் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கம்பெனிக்குத் தேவைப்பட்டால் வந்து யோசனை சொல்லத் தயாராக இருக்கும்,
வேடியப்பன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன். தலைமையாசிரியை அம்மா என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். நான் அமுக்கிய பட்டன் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காமல் செய்கிற பட்டனாம். நாம் பேசியது ஒரு வார்த்தை விடாமல் அங்கே கேட்டதாம். மீசைக்கார ஐயா அன்றைக்கே கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாராம். பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அந்த அம்மா, "சுபஸ்ரீ, எங்க எட்டாங் கிளாஸ்ல உங்க அப்பா மாதிரியே நாலு பேரு இருக்காங்கம்மா. அவரப் பக்கத்துல வெச்சிக்கினே நீங்க ஒரு வார்த்தை கோவமா பேசல பாருங்க, அதனாலதான் ஒங்களுக்கு இந்த வேலை. திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். சுபஸ்ரீ சிரிக்கிறாள், அழுகிறாள், என் தோளில் அடிக்கிறாள். நானும் அழுதுவிட்டேன், மறைப்பானேன். ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்: வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான்.