ஒற்றைப் புரதக்காரர்

ஒற்றைப் புரதக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கும் காணப்படும். இங்கே சொல்லப்போகிறவர் ஒரு பேராசிரியர்.

செல்லுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று திசை காட்டும் புரதங்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் இருபது வருஷம் ஓட்டிவிட்டார். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நோயெதிர்ப்புச் செல் வளர்வதும், நகர்வதும், இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு வேலைக்குப் போவதும் அதனால்தான் என்று வகுப்பில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொன்னார். அது இல்லாவிட்டால் ஒரு செல்கூட உருப்படாதாம். டாக்டர் இன்னொரு பஞ்சு வைத்தார்.

கடைசியில் நிரூபிக்கும் நாள் வந்தது. அந்தப் புரதமே இல்லாத எலிகளை வளர்த்து, லேப் டெக்னீஷியன் அக்கா செல்களை எண்ணினார். சாதாரண எலியில் எவ்வளவோ, இதிலும் அவ்வளவு. கூண்டு மாறியிருக்கும் என்றார் பேராசிரியர், மாறவில்லை. செல் எண்ணும் மெஷின் பழுது என்றார். பார்க்க வந்த மெக்கானிக், மெஷின் நன்றாக இருக்கிறது, அதன்மேல் காப்பி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தடவையும் அதே எண்.

வீட்டில் மனைவி பொறுமையாகக் கேட்டாள். "அப்போ அது இல்லாமலே எல்லாம் நடக்குது, அப்படித்தானே?"

"இல்லாதப்பவே இவ்வளவு நல்லா நடக்குதுன்னா, இருக்கிறப்ப அது எவ்வளவு பாடுபட்டிருக்கும், யோசிச்சுப் பாரு."

அவள் யோசிக்கவில்லை. துணி மடித்தாள்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். வேறு ஏதோ புரதம் அந்த வேலையை எடுத்துச் செய்கிறது போலிருக்கிறது என்று அக்கா போனில் சொன்னதும் இன்னொரு டிகிரி ஏறியது. தானில்லாமல் லேப் என்ன ஆகிறதோ என்று ஒரு வாரம் போர்வைக்குள் தவித்தார். எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தால், மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த கட்டுரை பத்திரிகைக்குப் போயிருந்தது, இரண்டு மணிநேர வாரக் கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்திருந்தது, அவர் நாற்காலியில் கையுறைப் பெட்டிகள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

"நான் இல்லாம ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

அக்காவுக்கு இளகிய மனசு. "திங்கட்கிழமை கொஞ்சம், சார்" என்றார்.

அது போதாதா? எலிகளின் செல்களையும் திங்கட்கிழமை பார்த்து எண்ணச் சொல்லி உடனே உத்தரவு போட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் அலுவலகமோ வீடோ உங்களை நம்பித்தான் ஓடுகிறது என்று ஓர் எண்ணம் உள்ளே இருந்தால், ஒரு வாரம் லீவு போட்டுப் பாருங்கள். திரும்பி வந்து மட்டும் யாரிடமும் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.