மனைவிக்குப் பயந்த அடுப்பு

விளங்காத இயந்திரத்துக்கு முன்னால் நின்று "விளங்கவில்லை" என்று சொன்ன ஆம்பிளையை நான் இன்னும் காணவில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். தலையை ஆட்டிக்கொண்டு ஸ்குறூ டிரைவரை எடுத்துவிடுவேன்.

டோர்செட் பார்க் அடுக்குமாடியை விட்டு ஒஷாவாவில் வீடு வாங்கியபோது, வரவேற்பறையில் ஒரு பெலெற் அடுப்பும் கூடவே வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த குட்டித் துண்டுகளை மேலே கொட்டிவிட்டால், அதுவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரித்து அறையைச் சூடாக்கும். வருகிறவர்களிடமெல்லாம் நானே கண்டுபிடித்ததுபோலப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் அபி விரும்பிய பெடியனின் தாயும் தகப்பனும் முதன்முதலாக வருகிறார்கள். எங்களை நேரில் பார்த்த பிறகுதான் தாய் சம்மதம் சொல்வாராம். வெளியே முழங்கால் அளவு பனி. காலையில் அடுப்பைப் போட்டேன். சிறிது நேரத்தில் நெருப்புச் சோம்பி, கதவிடுக்கால் புகை கசிந்து, அணைந்தே போனது.

சாம்பலை அள்ளினேன். குழாயைத் துப்புரவாக்கினேன் (பாதிக் கரி என் மூக்குக்குள்). மறுபடி போட்டேன். மறுபடி செத்தது.

"இஞ்ச வாருமப்பா, உந்த ரோச்சைப் பிடியும்."

குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்த மனைவி எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு வந்து வெளிச்சம் பிடித்தார். மறுபடி போட்டேன். அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது.

"எரியுதுதானே. பிறகென்ன?" என்று திரும்பிப் போனார். ஐந்து நிமிடத்தில் புகை. கூப்பிட்டேன். வந்தார், எரிந்தது. போனார், புகைந்தது.

நாலாவது தடவை என் மூளை ஒரு முடிவுக்கு வந்தது: அடுப்பு என் மனைவிக்குப் பயப்படுகிறது. (அந்த வீட்டில் அதற்கு முன்பே ஒருவர் அப்படித்தான் என்பதால், எனக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை.)

"வாற ஆக்கள் போகுமட்டும் நீர் இதுக்குப் பக்கத்திலேயே இரும்."

"அப்ப வடையை ஆர் சுடுறது? அடுப்போ?"

"அப்பா, ப்ளீஸ், மனுவலை வாசிச்சுப் பாருங்கோ," என்றாள் அபி.

"மனுவலில உன்ர அம்மாவைப் பற்றி ஒண்டும் இல்லை."

விருந்தினர் வந்தார்கள். மனைவி பட்டுச்சேலையோடு அடுப்புக்குக் காவல் இருந்தார். நெருப்பு பணிவாக எரிந்தது. பெடியனின் தாய் கண்ணால் அறையை அளந்துகொண்டிருந்தார்.

"சூடா வடை கொண்டாறன்," என்று மனைவி எழும்பினார்.

"இரும், இரும்," என்று கெஞ்சினேன். போய்விட்டார்.

அவர் வடைத்தட்டோடு திரும்பி வரும்போது அறை முழுக்கப் புகை. அலாரம் அலறியது. எனக்குக் கை எது கால் எது என்று தெரியவில்லை. "எல்லாரும் வெளியால போங்கோ" என்று கத்தி, சம்பந்தி ஆகப்போகிறவர்களைத் தள்ளாத குறையாக வெளியேற்றித் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டேன். பெடியனின் தாய் வெறும் காலுறையோடு பனியில் நின்றார். தகப்பன் என் மனைவியின் ரோஜா நிறச் செருப்போடு. வீடு எரிகிறதென்று நம்பிய நான் எதைக் காப்பாற்றினேன் என்று குனிந்து பார்த்தால், கையில் வடைத்தட்டு.

உள்ளே போன தீயணைப்பு வீரர் இரண்டு நிமிடத்தில் சிரித்துக்கொண்டு வந்தார். குசினிக் காற்றாடி வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே இழுக்கிறதாம். ஜன்னல்களை நான் குளிருக்குப் பிளாஸ்டிக் ஒட்டி அடைத்திருந்ததால், வெளிக்காற்று உள்ளே வர வேறு வழியில்லாமல் அடுப்புக் குழாயால் இறங்கி, புகையையும் கூட்டிக்கொண்டு வருகிறதாம். பொரியல் மணம் விருந்தினரின் கோட்டில் ஏறக்கூடாதென்று அந்தப் பெரிய காற்றாடியை வாங்கிப் பூட்டியவனும் நானேதான். ரோச் பிடிக்க வந்தபோதெல்லாம் மனைவி அதை நிற்பாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"அப்ப இவவுக்குப் பயந்து இல்லையோ?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். தீயணைப்பு வீரர் அபியைப் பார்த்தார். அவள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

பெடியனின் தாய் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்று முடித்தார்.

"அண்ணை, வீடு எரியேக்கையும் வடையை விடாத ஆக்கள் நீங்கள். என்ர பிள்ளை இஞ்ச பசி கிடக்கமாட்டான். எனக்கு ஓம்."

கலியாணம் முடிந்து மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் எந்த வீட்டில் கூடியிருந்தாலும், என் மனைவி குசினிப் பக்கம் எழும்பினால் போதும், சம்பந்தியம்மா பேச்சை நிறுத்தாமலே போய்ச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வந்து அமர்கிறார். அவருடைய சொந்த வீட்டிலும்தான்.