ஆலைக்கு ஒரு சாட்சி

"இதை யார் சொன்னது?" என்று கேட்டார் டாக்டர் இல்ஹாம்.

அந்த அம்மணிதான் நவ்ஃபலின் ஆய்வுக்கு வழிகாட்டி. அவன் ஆய்வேட்டில் எத்தனையோ வரிகள் இருக்க, அம்மணி சரியாக அந்த வரியில்தான் பேனாவை ஊன்றியிருந்தார். ஐன் ரபீதா ஊரின் தண்ணீர் விசையில் மாவரைக்கும் பழைய ஆலையைக் கட்டியவர்கள் அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட துருக்கியர் அல்ல, ஊர்க்காரர்களே என்ற வரி. நான்காம் அத்தியாயம் மொத்தமும் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. அது சாய்ந்தால் இந்த வருஷம் பட்டம் கிடையாது. பட்டம் இல்லையென்றால் அவனுக்காக நிறுத்தி வைத்திருக்கும் விரிவுரையாளர் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

இணையத்தில் இருக்கிறது என்றான். எழுதியவர் பெயர் என்ன என்றார். பெயர் போடவில்லை என்றான்.

"பேர் போட்டுக்கவே தைரியமில்லாதவனை நம்பியா நீ பட்டம் வாங்கப் போறே?"

தலைநகர் அம்மானில் அச்சான புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தான். கெட்டி அட்டை, பளபளவென்று படங்கள். அம்மணி படம் எதையும் பார்க்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே அதே இணையதளத்தின் பெயர் இளித்துக்கொண்டிருந்தது. சரி, பத்திரிகைக் கட்டுரை இருக்கிறதே என்று அதை எழுதிய நிருபரை ஃபோனில் பிடித்தான். அவர் ரொம்பப் பெருமையாக அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னார். மூன்று ஆதாரம் கையில் இருக்கிறது என்று தெம்பாக இருந்தவனிடம் இப்போது ஒன்றுகூட இல்லை.

"ஒருத்தன் சொன்னதை ரெண்டு பேர் திருப்பிச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்," என்றார் அம்மணி. "ஊருக்குப் போப்பா. ஆலைப் பக்கத்துல குடியிருக்கிறவங்களைக் கேளு."

போனான். ஆலையை ஒட்டி இருந்த முதல் வீடு அபூ முத்லக் என்பவருடையது. வாசலில் கார் நின்றதும் அவர் பாதி வழிக்கு ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். மெத்தையில் சாய்த்து, ஏலக்காய் மணக்கும் காப்பியைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பெயரையே கேட்டார்.

"அந்த ஆலையைக் கட்டினது நம்ம ஊர்க்காரங்கதானே?" என்று கேட்டான் நவ்ஃபல்.

"பின்னே? எங்க தாத்தா தன் தோள்லயே கல்லு சுமந்தாரு தம்பி."

அடுத்த வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தான். அபூ முத்லக்கின் முகம் சுருங்கிவிட்டது. தன் வீட்டில் காப்பி குடித்த விருந்தாளி எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு வாசலை மிதித்தால், தன் வீட்டில் என்ன குறை என்று ஊரே கேட்குமே. நவ்ஃபலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான், அவனுக்கா தெரியாது. மறுபடி மெத்தையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரே ஒரு வாய் போதாது என்று அம்மணி திருப்பி அனுப்பினார். அபூ முத்லக் அசரவில்லை. தன் அண்ணனையும் மச்சானையும் வரவழைத்தார். இருவரும் வண்டியில் வந்து இறங்கி, காப்பி குடித்து, தாத்தாக்கள் கல் சுமந்ததை அழகாகச் சொன்னார்கள். மச்சானின் தாத்தா காலில் கல் விழுந்து, சாகிறவரைக்கும் நொண்டினாராம். நவ்ஃபலுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒலிப்பதிவைக் கேட்ட அம்மணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ கேள்வியா கேட்டிருக்கே? பதிலை அவங்க வாயில ஊட்டி விட்டிருக்கே."

இதற்குள் விஷயம் வெளித்தேர்வாளர் டாக்டர் வஸ்ஃபியின் காதுக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் கல்மேல் கல் இருந்தாலே அதை வைத்தவர் துருக்கியர்தான் என்பது அவர் கட்சி. மனுஷர் தாமே ஐன் ரபீதாவுக்குப் போய், அதே வீட்டில், அதே காப்பியைக் குடித்துவிட்டு, துருக்கியர் கட்டியதுதானே என்று கேட்டிருக்கிறார். ஆமாம், தாத்தாதான் அந்தச் சிப்பாய்களுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தார் என்று அபூ முத்லக் சொல்லியிருக்கிறார். அதுவும் ஒலிப்பதிவில் இருந்தது.

நவ்ஃபலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல் சுமந்த தாத்தா எப்போது ரொட்டி சுமக்கப் போனார்? வேலை போச்சு, அவ்வளவுதான் என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மூன்று பேரும் சேர்ந்தே போய்க் கேட்டுவிடுவோம் என்றார் அம்மணி.

போனார்கள். அபூ முத்லக் ஆடு அறுத்துவிட்டார். ஒரே தாம்பாளத்தில் சோறும் கறியும், மேலே கொதிக்கக் கொதிக்கத் தயிர்க் குழம்பும். நவ்ஃபல் ஒரு பக்கம், வஸ்ஃபி எதிர்ப்பக்கம். கை கழுவி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஊர்க்காரர்தானே என்றான் இவன். துருக்கியர்தானே என்றார் அவர். இருவருமே அவருடைய விருந்தாளிகள். பாவம், மனுஷருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்றார் கடைசியில். "அடிப்பக்கம் துருக்கிக்காரன் கட்டினது. பாதியில போட்டுட்டுப் போயிட்டான். மேலே நம்ம ஆளுங்க கட்டி முடிச்சாங்க."

வஸ்ஃபி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், இதை இத்தனை வருஷமாக யாரும் கவனிக்கவில்லையே என்றார். இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுவோமா என்று நவ்ஃபலைக் கேட்டார். பட்டத்துக்கு ஒரு தடையும் இல்லை என்றும் சொல்லிவிட்டார். நவ்ஃபல் அபூ முத்லக்கைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். அம்மணிகூட மெல்லத் தலையாட்டினார். எதிரெதிர்க் கட்சி இரண்டும் ஒத்துக்கொள்கிற சாட்சி லேசில் கிடைக்காது.

தேநீர்த் தட்டோடு அபூ முத்லக்கின் மனைவி உம் முத்லக் வந்தார். டாக்டர் இல்ஹாமுக்குப் பழக்க தோஷம் விடவில்லை. இந்த ஆலைக் கதையை உங்கள் மாமனார் வாயாலும் கேட்டிருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார்.

உம் முத்லக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:

"மாமனாரு இந்த ஊரைக் கண்ணாலகூடப் பார்த்ததில்லையே டாக்டரம்மா, நாங்களே போன நோன்புக்கு அப்புறந்தான் மஃப்ரக்குலேர்ந்து இங்க வாடகைக்கு வந்தோம், அதுக்காக வீடு தேடி வந்த விருந்தாளி ஆசையா ஒண்ணு கேட்டா, தெரியாதுன்னு சொல்லி வெறுங்கையோடவா அனுப்ப முடியும்?"