மாப்பிள்ளையை டிரம்ஸிலிருந்து இறக்கிய பாவம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தலைகுனிந்து எழுதுவது. இங்கே நானும் என் கிட்டாரும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். ஒரு வருடமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காததில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

நம் ஹெவி மெட்டல் ஆல்பம் இன்னும் முடியவில்லை. மெத்தைக் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் நாம் நாலு பேரும் தொடங்கியபோது மூன்றே மாதம் என்று மார்தட்டியவன் நான்தான். "மெதுவா அடிக்கறீங்க மாப்ள, பாட்டு படுத்துடுது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி உங்களை டிரம்ஸிலிருந்து இறக்கியவனும் நான்தான். நீங்கள் குச்சிகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

உங்கள் இடத்துக்கு ஒரு வெல்டரைப் பிடித்தேன். ஊரெல்லாம் அவனை 'இடி' என்பார்கள். ஆறு நிமிடப் பாட்டை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு "அடுத்தது?" என்பான். அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து உறுமி உறுமி, நம் பாடகர் பல் டாக்டருக்குத் தொண்டை புண்ணாகி, இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்வதே பிழைப்பாக இருக்கும் மனிதர், பாவம், சைகையிலேயே பல் பிடுங்கினார், பிறகு பாட்டுக்கே முழுக்குப் போட்டார். அவருக்குப் பதில் வந்தவர் ஒரு பூகோள டீச்சர். அந்த அம்மாள் உறுமினால் ஜன்னல் அதிரும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் காதில் விழும். "டீச்சர், மெட்டல்ல வார்த்தை இவ்வளவு புரியக் கூடாது" என்றேன். "புரியாம பாடணும்னா நீங்களே பாடிக்கலாமே" என்றார். வார்த்தை புரிந்த பிறகுதான் நான் எழுதிய பாட்டுகளின் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்தைத் திருத்தி எழுதினேன். அதற்குள் இடிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. பேஸ் கிட்டார் வாசித்த எலெக்ட்ரீஷியனோ, "உங்க மாப்ள இருந்தவரைக்கும் ஒரு ஒழுங்கு இருந்துச்சு, இப்ப இது சந்தைக்கடை" என்று வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை தாள மெஷினை ஓடவிட்டுத் தனியாகவே வாசித்துப் பதிவு செய்யலாம் என்று ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். "என்னங்க, இந்த மெஷினும் மெதுவா அடிக்குது?" என்றேன். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"மெஷின் எப்படி சார் மெதுவா அடிக்கும்? நீங்கதான் ஓடறீங்க."

பிறகு, முதல் வாரம் நாம் பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் நான் கயிறறுத்த கன்றாக முன்னால் ஓடுகிறேன். நீங்கள் நாலு அடி விட்டுக்கொடுத்து, ஐந்தாவதில் என்னை இழுத்து நிறுத்துகிறீர்கள். "இவர் உங்களைப் பாட்டு பூரா பிடிச்சிட்டே இருந்திருக்கார் சார்" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என்னை மன்னித்துவிடுங்கள் மாப்பிள்ளை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிடங்குக்கு வாருங்கள். நீங்கள் வந்தால் தானும் வருவதாக எலெக்ட்ரீஷியன் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆல்பம் வராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் பக்கத்தில் நின்று ஒரு பாட்டையாவது ஒழுங்காக வாசிக்க வேண்டும்.

தங்கைக்கு அன்பு. குழந்தைகள் நூறாண்டு நிதானமாக வாழட்டும்.

இப்படிக்கு,
அவசரக்கார மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது டீச்சர் வந்தார். கடிதத்தை வாங்கிப் படித்து, இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, "அவர் கண்டிப்பா வரட்டும். நீங்க வர வேண்டாம்" என்றார். எலெக்ட்ரீஷியனோடு பேசி வேறு கிட்டார்காரரையும் பார்த்தாகிவிட்டதாம். ஆகவே மேலே நான் அழைத்ததை அவர்கள் அழைத்ததாகக் கொள்ளவும். எனக்காகப் பார்த்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தங்கையிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். சிரிப்பாள்.