தட்டு மீனுக்கு ஏற்ற துணை

நல்ல துணையைத் தேர்ந்தெடுப்பது எப்படியென்று ஊருக்கு உபதேசம் செய்பவன் நான். இப்போது களைத்துப்போய் எழுதுகிறேன். அன்பர்களே, கண்ணாடித் தொட்டி ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவருமுன் சற்றே சிந்தியுங்கள்.

ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது, தாம் வளர்த்த இரண்டு தட்டு மீன்களைத் தொட்டியோடு எனக்குத் தந்தார். சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்தாற்போன்ற வட்ட மீன்கள். அவற்றுக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும், அமைதி வேண்டும், மிகவும் பயந்தவை என்று எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை எனக்கு இனித்தது. என் மனைவி வடிவம்மாவின் தம்பி தனபாலன் வத்தேகமவில் இருந்தான். கண்டியில் ஒரு புடைவைக் கடையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முன்னறையை அவனுக்குத் தரவேண்டுமென்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானோ, கட்டுரை எழுத அவ்வறையை எனக்கே வைத்துக்கொள்வதென உறுதிபூண்டிருந்தேன்.

தொட்டியை முன்னறையில் வைத்து, அடியில் விளக்கும் ஏற்றினேன்.

"மீனுக்கு ஒத்துவராத எதுவும் இனி இந்த அறைக்குள் இருக்கக் கூடாது. இது சட்டம்" என்றேன்.

"சரிங்க" என்றாள் வடிவம்மா.

அவள் உடனே இணங்கியபோதே நான் அஞ்சியிருக்க வேண்டும்.

மாலையில் கந்தோரில் வேலை முடிந்து வந்து இரை போடுவேன். மீன்கள் முகர்ந்தும் பாரா. கல்லின் பின்னால் போய் நின்றுகொள்ளும். தனிமைத் துயரமென்று தீர்மானித்துத் துணை தேடலானேன். முதலில் அழகும் அடக்கமும் வாய்ந்த தங்க மீன். அது குளிர்நீர்ப் பிராணி. எங்கள் தொட்டியின் சூட்டில் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அழகு மட்டும் உறவுக்குப் போதாதென்று ஒரு கட்டுரை எழுதினேன். அடுத்து ஓடைக் கெண்டைகள். உழைப்பாளிகள் என்று நம்பினேன். போட்ட இரையை ஒரு நொடியில் விழுங்கிவிட்டு, தட்டு மீன்களின் செட்டையைக் கொறித்தன.

"பந்தியில உங்க பெரியப்பா மகன் உக்காந்த மாதிரியே இருக்குங்க" என்றாள் வடிவம்மா.

பட்டினி கிடக்கும் மீன்கள் மெலியவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. உபதேசிக்கு உண்மையைப் பார்க்க நேரமேது?

கெண்டைகளை ஓடையில் விட்டுத் திரும்பிய அன்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"துணை தொட்டிக்குள்ளதான் இருக்கணுமாங்க? வெளிய ஒரு ஆள் சத்தமில்லாம உக்காந்திருந்தா ஆகாதா?"

"அப்படி யார் இருக்கிறார்?"

"நம்ம தனபாலன் வாயே தொறக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை தனபாலன் வந்தான். தூண்போல் அமர்ந்து ஈரல் துணுக்கை நீரில் நீட்டினான். இரண்டு மீன்களும் வந்து அவன் விரல் நுனியிலிருந்தே தின்றன. நான் மெய்சிலிர்த்து, நட்பின் மேன்மைபற்றி நாலு வார்த்தை பேசத் தொடங்கினேன். மீன்கள் கல்லுக்குப் பின்னால் பாய்ந்தன.

"சட்டம் நீங்க போட்டதுதாங்க" என்றாள் வடிவம்மா. நான் உட்கார்ந்து எழுதும் கதிரை அதற்குள் சமையலறை வாசலுக்குப் போயிருந்தது. அன்றே தனபாலனின் பெட்டி முன்னறைக்கு வந்தது.

சில வாரங்களுக்குப் பின் அவன் கள்ளமின்றி என்னைக் கேட்டான்: "அத்தான், முந்தியெல்லாம் அக்கா மத்தியானமே வயிறு நெறைய இரை போட்டுருமாம். நான் வந்த அன்னையிலருந்து போடுறதில்ல. சாயந்தரம் கொஞ்சம் கூடப் போடவா?"

நேரே சமையலறைக்குப் போனேன். வடிவம்மா அம்மியிலிருந்து நிமிரவில்லை.

"இரை போட்டது நெசந்தாங்க. ஆனா நீங்க பேசினா ஒளியச் சொல்லி நானா அதுகளுக்குப் பழக்கினேன்? இப்ப பசியோடதான் இருக்கு. போய்ப் பேசிப் பாருங்க."

போனேன். வஞ்சனை குடும்பத்துக்கு ஆகாது என்று தொடங்கி, ஒரேயொரு வாக்கியந்தான் பேசினேன். மீன்கள் இரண்டும் கல்லின் பின்னால் மறைந்தன. இன்னும் சற்றுப் பெரிய கல்லாக இருந்திருந்தால் தனபாலனும் மறைந்திருப்பான்.