கங்காதரன் திருந்தமாட்டான்

சாம்பியன் ரீப்ஸ்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் இன்பராஜ் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டாரும் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். என் மாமியார் ஜெயம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழையை அறிவிக்கிறது.

என் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அம்சவேணி கணவனை விட்டுப் போவதற்குப் போதிய காரணம் இல்லை என்கிறீர்கள். கங்காதரன் குடிக்கட்டும், இல்லை கை நீட்டட்டும், இல்லை இன்னொருத்தி இருக்கட்டும்; மூன்றும் வேண்டாமென்றால் கடைசிப் பக்கத்தில் திருந்தி அவள் கையைப் பிடிக்கட்டும் என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். அவன் இந்த நான்கில் ஒன்றையும் செய்யமாட்டான். ஐந்து வருடமாக மனைவியிடம் அவன் ஒரு கேள்வி கேட்டதில்லை, அவ்வளவுதான். உப்பு எங்கே என்பதை நான் கேள்வியில் சேர்க்கவில்லை. இப்படிப்பட்ட கல்யாணத்தில் யாரிடமும் காட்டுவதற்கு ஒரு காயம்கூட இருக்காது. முதல் வருடம் அம்சவேணி காத்திருக்கிறாள், இரண்டாம் வருடம் அழுகிறாள், மூன்றாம் வருடம் அழுகை அவளுக்கே அலுத்துப்போய் ராபர்ட்சன்பேட்டை நூலகத்தில் சேர்கிறாள். யாரும் கேட்காததால் தன்னைத் தானே கேட்கப் பழகுகிறாள். அவள் வளர்ந்தது அப்படித்தான். இப்போது கணவன் திருந்திவிட்டால், அவள் படித்தது, யோசித்தது எல்லாம் அவன் வரும்வரை பொழுது போக்கியது என்று ஆகிவிடும்.

"அம்சவேணி நீங்கள்தானா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. என் கணவர் விநாயக் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர். கன்னடத்தில் படித்தவர், தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அதனால் என் கைப்பிரதி சாப்பாட்டு மேசையிலேயே பயமில்லாமல் கிடக்கும். ஆனால் கதை ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் நண்பர் சைலஸ், ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர், அவர்கள் ஏறும் ரயில் பெட்டியிலேயே தமிழ் சரளமாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். திரும்பி வரும்போது உங்கள் இதழைப் போனில் பார்த்து எல்லோருக்கும் உரக்கப் படிக்கிறார். புனைபெயரில் எழுதுவது நான்தான் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. விநாயக் நான்கு கைக்குட்டைகளைப் போட்டு நண்பர்களுக்கு இடம் பிடிப்பவர், அவர்கள் பிள்ளைகளின் மார்க்கு வரை தெரிந்தவர். "அண்ணன் லீவு போட்டா எங்க பெட்டில சிரிப்பே கெடையாது அண்ணி" என்று சைலஸ் ஒரு கல்யாணத்தில் என்னிடம் சொன்னபோது, யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அதைத்தான் எட்டாம் அத்தியாயமாக எழுதினேன். பெயர் மட்டும் வேறு.

அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று விநாயக் கொதித்துப் போயிருந்தார்.

"ஒரு கதை, ராதிகா. ஒருத்தன் ரயில்ல ஊரையே சிரிக்க வெக்கிறான், வூட்டுக்கு வந்தா வாய்ல பூட்டு. இன்னா ஆளு அவன்! பொண்டாட்டின்னு ஒருத்தி கீறாளே, சாப்டியான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? கொஞ்சம் சாறு ஊத்து."

ரசத்தை ஊற்றினேன். நான் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை.

"அடிக்கிறானா? குடிக்கிறானா? அப்புறம் அந்தப் பொண்ணுக்கு இன்னா நோவு?" என்றார் மாமியார்.

"உனுக்குப் புரியாதும்மா. அது அப்படியே நம்ம சைலஸு. நாளைக்கி அவன வெச்சிக்கிறேன்."

மறுநாள் பெட்டியே பார்க்க சைலஸுக்கு நல்ல திட்டு. தன் வாயாலேயே கதையைப் படித்த அந்த அப்பாவி மனிதர், அது தன்னைப் பற்றித்தான் என்று நம்பி வருந்தி, அந்த ஞாயிறே மனைவியை ராபர்ட்சன்பேட்டைக்கு மசால் தோசை சாப்பிட அழைத்துப் போனார். போன வாரம் அவள் மைசூர்பாகோடு வந்தாள். "அக்கா, உங்க வூட்டுக்காரரு நல்லா இருக்கணும். எங்காளு இப்போ கேள்வி மேல கேள்வி கேக்குது. பதில் சொல்லியே வாய் வலிக்குதுக்கா!" நான் வாழ்த்தினேன். என் கதை ஒரு கணவரைத் திருத்திவிட்டது. முகவரி மட்டும் தவறிவிட்டது. தன் கதையைத் தன் காதாலேயே கேட்டு, கோபப்பட்டு, அடுத்தவனைத் திருத்திவிட்டு வந்து சாறு கேட்கிறவர் கடைசிப் பக்கத்தில் கையைப் பிடிப்பார் என்று என்னால் எழுத முடியாது. அத்தியாயத்தை ஒரு வரிகூட மாற்றாமல் அச்சிடுங்கள். இல்லையென்றால் தொடரையே நிறுத்திவிடுங்கள்.

தங்கள் இதழ் வளரவும், பிழை திருத்துபவரின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடியவும் வேண்டிக்கொள்ளும்,

ராதிகா

பின்குறிப்பு: கையெழுத்திட்ட பிறகு விநாயக் பக்கத்தில் வந்து நின்றார். "தெனமும் இன்னா எழுதறே? எனுக்குத்தான் படிக்கத் தெரியாதே, படிச்சிக் காட்டேன்" என்றார். ஐந்து வருடம் நான் காத்திருந்த கேள்வி. நான் காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்றேன். மகிழ்ச்சி வரவில்லை, செருப்போடு என் அறைக்குள் வந்துவிட்டவர்மேல் வருகிற எரிச்சல்தான் வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இதற்கு முன் எத்தனை முறை கேட்க வந்து, என் குனிந்த தலையைப் பார்த்துத் திரும்பினாரோ, எனக்குத் தெரியாது. என் கதையில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கடைசி அத்தியாயத்தை அச்சிட வேண்டாம். அம்சவேணி போகலாம், இருக்கலாம்; முதலில் கங்காதரன் ஒரு கேள்வி கேட்கட்டும், அவள் அதற்குப் பதில் சொல்லிவிட்டு முடிவு செய்யட்டும். எட்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன்.