கடையிலதாம்மா இருக்கேன்

“கடையிலதாம்மா இருக்கேன்” என்று கத்திரி போனில் சொன்னபோது, அவர் தன் கடையிலிருந்து ஆறு மணி நேர பஸ் தூரத்தில், பெருநகரத்தின் ஒரு காலி வீட்டுக் குளியலறைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

“குரல் ஏன்ப்பா எதிரொலிக்குது?” என்றாள் மகள்.

“கடையை ஒழிச்சுச் சுத்தம் பண்றேன். சாமான் எல்லாம் வெளிய கிடக்கு.”

நேரம் பார்த்து வீட்டுப் புரோக்கர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். “சார், பாத்ரூம் குழாயைத் திறந்து பாருங்க. தண்ணி பிச்சுக்கிட்டு வரும்.”

“யாருப்பா அது?”

“கஸ்டமர்.”

“நம்ம கடையில ஏது பாத்ரூம்?”

“அவர் வீட்டுப் பாத்ரூமைச் சொல்றார். முடி வெட்ட உக்காந்தா எல்லாரும் வீட்டுக் கதைதானே பேசறாங்க.”

“சாமானை எல்லாம் வெளிய போட்டுட்டு அவரை எதுலப்பா உக்கார வச்சிருக்கீங்க?”

“நாற்காலி மட்டும் உள்ள இருக்கு.”

“அப்படியா. அவர்கிட்ட கொடுங்க, ஊர்ல எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிக்கிறேன்.”

கத்திரி போனைப் பொத்திக்கொண்டு புரோக்கரைக் கெஞ்சலாகப் பார்த்தார். புரோக்கர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. ஆனால் தொழில் தெரிந்த ஆள். போனை வாங்கி, “எல்லாரும் சௌக்கியம்மா. கிருதாவைக் கொஞ்சம் இறக்கச் சொல்லியிருக்கேன். பின்பக்கம் லேசா” என்றார். சொல்லும்போதே கை தானாகப் போய் வழுக்கையைத் தடவிக்கொண்டது.

ஊரில் அவருக்குக் கத்திரி என்று பேர் வந்தது பாதி தொழிலால், பாதி வாயால். யார் பேச்சையும் நடுவில் நறுக்கிவிடுவார். மனைவி இறந்த பிறகு கடைதான் வீடு. எங்கே இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் ‘கடையிலதான் இருக்கேன்’ என்பது பதில். ஒருமுறை குடல்வால் அறுவை முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் மகளிடம் அதையேதான் சொன்னார். நர்ஸ் போனைப் பிடுங்கிப் பேசிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

நான்கு வருடத்துக்கு முன் மகளுக்கு நகரத்தில் வேலை கிடைத்தது. புருஷனோடு பெட்டி கட்டும்போது, “எங்களோட வந்துடுங்கப்பா” என்றாள்.

“நீ கூப்பிட்டு நான் வர மாட்டேன். வரணும்னு தோணினா நானா வருவேன்.”

அவள் விடவில்லை. ஒவ்வொரு போனிலும் கூப்பிட்டாள். ஒவ்வொரு போனிலும் அவர் நறுக்கினார். இரண்டரை வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மழையைப் பற்றிப் பேசினாள், முட்டி வலியைப் பற்றிக் கேட்டாள், வைத்துவிட்டாள். அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்த வரையில் மறுப்பது சுகமாகத்தான் இருந்தது. நின்ற பிறகுதான், சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே வெறித்துக்கொண்டு உட்காரும் வழக்கம் அவருக்கு வந்தது. ஒன்றரை வருடமாக அப்படித்தான். தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்றே நினைத்தார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை.

போன வாரம் அவள், “பாப்பா யார்கிட்டயும் முடி வெட்ட உக்கார மாட்டேங்கறாப்பா. கடைக்காரர் கையைக் கடிச்சுட்டா” என்றாள். கத்திரி கடையைப் பூட்டி, ‘வெளியூர் பயணம்’ என்று அட்டை தொங்கவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

திட்டம் எளிமையானது. மகள் வீட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அவள் தெருவில் இல்லாமல், கடை வைக்கத் தோதாக ஒரு வீடு. குடிவந்து ஒரு மாதம் கழித்து ஒருநாள் எதேச்சையாக எதிரில் வந்து, “அட, நீ இங்கதான் இருக்கியா?” என்று கேட்க வேண்டியது. அவள் முகம் மலர்ந்தால் இருந்துவிடலாம். மலராவிட்டால் தொழிலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் எந்த வட்டாரமும் அமையவில்லை. கத்திரி ஒரு ஊரைப் பிடரியைப் பார்த்து எடைபோடுகிறவர். முதலில் பார்த்தது மாணவர்கள் இருந்த பகுதி. எல்லாருக்கும் தோள்வரை முடி. “இவனுங்க வருஷத்துக்கு ஒரு தடவைதான் கடைப் படி ஏறுவானுங்க.” இப்போது குளியலறை பார்த்தது ஓய்வுபெற்றவர்கள் வட்டாரம். “இந்தத் தெருவுல தலையை எண்ணினா நாப்பது. முடியை எண்ணினாலும் நாப்பது.”

புரோக்கர் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அதை விடுங்க சார், தண்ணி எப்படி?”

“இங்கேர்ந்து அந்தத் தண்ணித் தொட்டித் தெருவுக்கு எவ்வளவு தூரம்?”

“நடந்தா அரை மணி.”

“தூரம்.”

“முதல் வீட்டுலயும் இதையேதான் கேட்டீங்க. பேசாம அந்தத் தெருவுலயே பாத்துடலாமே?”

“அந்தத் தெரு வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்யா.”

“நனையாம குளிக்கணும்ங்கறீங்க. சரி, கக்கத்துல என்ன அது, காலையிலேர்ந்து விடாம வச்சிருக்கீங்க?”

“பலகை.”

செய்தித்தாள் சுற்றிய பலகை. சலூன் நாற்காலியின் கைப்பிடிகள் மேல் குறுக்கே போட்டுச் சிறுபிள்ளைகளை உயரமாக உட்காரவைக்கும் பலகை. மகள் பதினொரு வயதுவரை அதில்தான் உட்கார்ந்தாள். நடுவில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். பேத்தி அதைப் பார்த்ததில்லை.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது புரோக்கருக்குக் கால் வலித்தது. சொல்லாமல் குறுக்கு வழியில் திரும்பினார். இரண்டு நிமிடம் கழித்துத்தான் கத்திரி தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

“யோவ், இந்தத் தெரு வேண்டாம்னேனே!”

“வீடு பாக்க வேண்டாம்னீங்க. நடக்கக் கூடாதுன்னீங்களா?”

கத்திரி பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார். வலப்பக்கம், மகள் போனில் அடையாளம் சொன்ன மஞ்சள் கட்டடம். மூன்றாவது மாடி அவள் வீடு. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தார். பால்கனிக் கொடியில் சின்னதாக ஒரு கவுன் காய்ந்தது. பார்த்துக்கொண்டே போய் இடப்பக்கச் சுவரில் மோதினார்.

மோதிய இடம் ஒரு தரைத்தள வீடு. தெருவைப் பார்த்த முன்னறை, தனிக் கதவு, அகல ஜன்னல்.

“உங்களுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு. ஆனா ஆசைப்படாதீங்க” என்றார் புரோக்கர். “ஒன்றரை வருஷமா பூட்டிக் கிடக்கு. யார் கேட்டாலும் வாட்ச்மேன் ‘ஆள் வராங்க’ன்னு விரட்டிடுவான். நானே எட்டு தடவை தோத்திருக்கேன்.”

கத்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காலி அறை. எதிர்ச் சுவரில் மட்டும் ஆள் உயரக் கண்ணாடி. அதற்குள் பலகையை அணைத்துக்கொண்டு ஒரு கிழவன் நின்றான். இவ்வளவு வயதாகிவிட்டதா என்று அவருக்கே திக்கென்றது.

போன் அடித்தது.

“அப்பா, அந்தப் பலகை இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“கொஞ்சம் தட்டிக் காட்டுங்க. பாப்பா பக்கத்துல இருக்கா, அவளுக்குக் கேக்கணும்.”

செய்தித்தாளைப் பிரித்து, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். காலையிலிருந்து அவர் அவளுக்குக் கொடுத்த ஒரே உண்மை அதுதான்.

தட்டிய சத்தத்துக்கு வாட்ச்மேன் ஓடிவந்தான். “யாருய்யா நீ? ஜன்னல்ல என்ன பார்வை?”

“அது யாருப்பா?”

“கஸ்டமர்.”

“கஸ்டமர் எதுக்கு உங்களை யாருன்னு கேக்கறார்?”

“புதுக் கஸ்டமர்.”

“அப்பா.” அவள் குரல் இறங்கியது. “நீங்க எங்க இருக்கீங்க?”

கத்திரி மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தார். நாற்பது அடிகூட இருக்காது. கூப்பிட்டால் கேட்கும். உன் வீட்டு வாசல்ல நிக்கறேன் என்று வாய்வரை வந்தது. அவ பேசாம இருந்துட்டா? பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

“கடையிலதாம்மா இருக்கேன்.”

“சரிப்பா” என்று அவள் வைத்துவிட்டாள்.

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். கத்திரி பலகையை மறுபடி செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார். அவசரத்தில் தாள் கிழிந்தது.

வாட்ச்மேன் அவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவர் முன் நீட்டினான்.

“‘கடையிலதான் இருக்கேன்’னு போன்ல புளுகிக்கிட்டே ஒரு பெரியவர் இங்க வந்து நிப்பார், அவரைத் தவிர யாருக்கும் திறக்காதேன்னு சொல்லி, எதிர் மாடி அம்மா ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடியே வீட்டை வாடகைக்குப் பிடிச்சு வச்சிட்டாங்க. ஏன் சார், வர இவ்வளவு நாளா?”